பழைய வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாயை எடுப்பது: வெட்டுவதற்கு முன்னால் தெரிய வேண்டியவை

வீட்டில் பழைய சி.ஐ. பைப், அதாவது வார்ப்பிரும்புக் குழாய், கசிய ஆரம்பித்ததும் அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டுவிடலாம் என்ற பேச்சு வரும். நாலு பேரிடம் கேட்டால், சுத்தியலால் தட்டினால் உடைந்து வந்துவிடும் என்பார் ஒருவர், கிரைண்டர் ஒன்று போதும் என்பார் இன்னொருவர், தொடவே தொடாதீர்கள், மேலேயிருந்து மொத்தமாக இறங்கிவிடும் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் குழப்பம். சுத்தியலுக்கு உடையும், ஆனால் நீங்கள் நினைத்த இடத்தில் மட்டும் உடையாது. கிரைண்டர் வெட்டும், ஆனால் சுவரை ஒட்டிய குழாயின் பின்பக்கத்துக்கு எட்டாது, தீப்பொறியும் பறக்கும். மொத்தமாக இறங்குவதும் நடக்கக்கூடியதுதான்.

இந்த வேலையில் வெட்டுவது என்பது கடைசியில் வரும் சின்னப் பகுதி. அதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: குழாயை எது தாங்குகிறது, குழாய்க்குள் என்ன இருக்கிறது, மூட்டிலும் மேற்பூச்சிலும் என்ன இருக்கிறது. விபத்து பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைப் பார்க்காமல் விட்டதால்தான் வருகிறது. வெட்டும் கருவியைப் பற்றிய சர்ச்சை அதற்கு அப்புறம்.

முதலில், வீட்டுக்குள் இந்தக் குழாய் எப்படி ஓடுகிறது

குடிநீர்க் குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும். கழிவுநீர்க் குழாயில் அப்படியில்லை, தண்ணீர் தன் எடையால் சரிவில் இறங்குகிறது, குழாய் எப்போதும் முழுதாக நிறைந்திருப்பதில்லை, மேல்பாதியில் காற்றும் வாயுவும் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

1. நிலைக்குழாய். மாடிகளைத் தாண்டிச் செங்குத்தாக இறங்குவது. கழிப்பறைக் கழிவு வரும் குழாய் பெரும்பாலும் 4 அங்குலம், அதாவது சுமார் 100 மி.மீ.

2. கிளைக்குழாய். கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தொட்டி ஆகியவற்றிலிருந்து சரிவாக வந்து நிலைக்குழாயில் சேருவது. சேருமிடத்தில் டீ (T வடிவ இணைப்பு) அல்லது ஒய் (Y வடிவ இணைப்பு) இருக்கும்.

3. வென்ட். நிலைக்குழாயின் மேல்முனை கூரைக்கு மேலே திறந்திருப்பது. தண்ணீர் வேகமாக இறங்கும்போது பின்னால் உறிஞ்சல் உண்டாகும், அந்த உறிஞ்சலுக்குக் காற்று கொடுப்பது இதுதான். இது இல்லாவிட்டால் டிராப்பில் நிற்கும் நீரும் சேர்ந்து இழுக்கப்பட்டுவிடும்.

4. டிராப். ஒவ்வொரு தொட்டிக்கும் கழிப்பறைக்கும் அடியில் வளைந்து, எப்போதும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது. சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது இந்தக் கொஞ்சம் தண்ணீர் மட்டுமே. குழாயை வெட்டித் திறந்த நொடியில் அந்தத் தடுப்பு போய்விடுகிறது.

அடுத்து மூட்டு. பழைய முறையில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு முனை அகன்ற வாயாக இருக்கும், அதைச் சாக்கெட் என்பார்கள். மேலே உள்ள குழாயின் மெல்லிய முனை அதற்குள் இறங்கும். நடுவில் உள்ள இடைவெளியில் தார் தோய்த்த சணலைத் திணித்து, அதன் மேல் உருக்கிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் உளியால் தட்டி இறுக்குவார்கள். 4 அங்குலக் குழாயின் ஒரே மூட்டில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஈயம் இருக்கலாம். சில வீடுகளில் ஈயத்துக்குப் பதில் சிமெண்ட் அடைத்திருப்பார்கள். பிற்காலத்து வேலையில் ரப்பர் வளையம் வந்தது, சாக்கெட்டே இல்லாமல் ரப்பர் உறையும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையும் போட்டு இணைப்பதும் வந்தது. இந்தக் கடைசி வகை என்றால் அதிர்ஷ்டம்தான், பட்டையைத் தளர்த்தினாலே குழாய் வந்துவிடும்.

அது வார்ப்பிரும்புதானா?

இதை உறுதிசெய்யாமல் ஒரு கருவியையும் எடுக்கக் கூடாது. பழைய சாம்பல் நிறக் குழாய்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயும் உண்டு, பல அடுக்குப் பெயிண்ட் பூசியிருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் இரும்பு. ஒட்டவில்லை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட், பிளாஸ்டிக், ஈயம், மண்குழாய் என்று எதுவாகவும் இருக்கலாம். காந்தம் ஒட்டாத கரடுமுரடான சாம்பல் குழாயைச் சுரண்டிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் இழை காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும், நோய் வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகும். அதை எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை, இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

வெளியே முழுசு, உள்ளே ஒன்றுமில்லை

வார்ப்பிரும்புக் குழாய் 50 ஆண்டுகள் முதல் 100 ஆண்டுகள் வரைகூட உழைக்கும். ஆனால் அது கெட்டுப்போகும் விதம் தெரியாவிட்டால் எடுக்கும்போது ஆபத்து.

வார்ப்பிரும்பில் கரியின் பங்கு சுமார் 2 முதல் 4 சதவீதம். பழைய குழாய்களில் அந்தக் கரி மெல்லிய செதில்களாக, கிராஃபைட்டாக, இரும்புக்குள் சிதறிக் கிடக்கும். அழுத்தினால் இந்த உலோகம் நன்றாகத் தாங்கும், வளைத்தாலோ இழுத்தாலோ அந்தச் செதில்களின் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பி ஓடும். சாதாரண இரும்புக் கம்பி வளைந்து எச்சரிக்கும், இது வளையாது, திடீரென்று பிளக்கும்.

ஈரமும் உப்பும் அமிலமும் சேர்ந்து பல ஆண்டுகள் தின்றால் இரும்பு மட்டும் கரைந்துபோய் கிராஃபைட்டும் துருவும் அதே குழாய் வடிவத்தில் மிஞ்சும். வெளியே பார்த்தால் குழாய் முழுசாக இருக்கும், பெயிண்ட்கூட உரிந்திருக்காது, ஆனால் பென்சில் கரியை வெட்டுவது மாதிரி கத்தியால் செதுக்கிவிடலாம். இப்படிப்பட்ட குழாயில் ஏணியைச் சாய்த்தாலோ, பிடித்துக்கொண்டு எட்டினாலோ, கயிறு கட்டி எடையைத் தொங்கவிட்டாலோ கையோடு வந்துவிடும்.

சரிவாக ஓடும் குழாயில் தேய்மானம் வேறு இரண்டு இடங்களில் வரும். ஒன்று, தண்ணீர் எப்போதும் ஓடும் அடிப்பகுதி. இன்னொன்று, தண்ணீர் தொடாத மேற்கூரை. மேற்பகுதி ஏன் கெட வேண்டும் என்று தோன்றும். கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மேலே உள்ள ஈரத்தில் கரைகிறது, அங்கே வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது, அமிலம் இரும்பைத் தின்கிறது. அதனால் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுக் குழாய் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

எளிய சோதனை ஒன்று உண்டு. சின்ன ஸ்பேனரின் பிடியால் குழாயை மெதுவாக, பல இடங்களில் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், விரிசலோ அரிப்போ உள்ள இடத்தில் சத்தம் மங்கிப் போகும். மங்கிய இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் எங்கே ஆதாரம் கொடுக்க வேண்டும், எங்கே வெட்டக் கூடாது என்ற படம் கிடைத்துவிடும்.

எடை: இங்கேதான் உயிர் போகும்

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். வெளி விட்டம் 110 மி.மீ., சுவர்த் தடிமன் 5 மி.மீ. உள்ள குழாய். வார்ப்பிரும்பின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 7,200 கிலோ. அப்படியானால் ஒரு மீட்டர் குழாய் ஏறக்குறைய 12 கிலோ. மூன்று தளம் இறங்கும் 10 மீட்டர் நிலைக்குழாய் என்றால் 120 கிலோ. டீ, பெண்டு (வளைவுத் துண்டு), சாக்கெட், மூட்டு ஈயம், உள்ளே பல ஆண்டுகளாகப் படிந்த துருவும் அழுக்கும் எல்லாம் சேர்ந்தால் 150 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அது சுவரோரம் செங்குத்தாக நிற்கிறது, அதன் அடியில்தான் நீங்கள் கிரைண்டரோடு நிற்கப் போகிறீர்கள்.

கட்டியபோது இந்த எடையை நாலைந்து விஷயங்கள் பங்குபோட்டுத் தாங்கியிருக்கும்: ஒவ்வொரு தளத்திலும் குழாயைச் சுற்றிய க்ளாம்ப், சாக்கெட்டின் காதுகளில் அடித்த பெரிய ஆணி, தளத்தின் கான்கிரீட் பிடி, கீழே பெண்டுக்கு அடியில் வைத்த கட்டை அல்லது திண்டு. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் க்ளாம்ப் துருப்பிடித்து மெலிந்திருக்கும், ஆணி சுவரில் பிடிப்பை இழந்திருக்கும், யாரோ எப்போதோ குளியலறையைப் புதுப்பித்தபோது ஒரு க்ளாம்பை எடுத்தே விட்டிருப்பார்கள். இத்தனைக்குப் பிறகும் குழாய் ஏன் நிற்கிறது என்றால், மொத்த எடையும் மெல்ல மெல்லக் கீழே உள்ள பெண்டுக்கும் பக்கவாட்டுக் கிளைக்குழாய்களுக்கும் இறங்கியிருக்கிறது. கசிவு வருவதும் பெரும்பாலும் அந்தக் கீழ்ப் பெண்டில்தான். ஆக, வீட்டுக்காரர் கண்ணில் படும் கெட்டுப்போன துண்டு எதுவோ, அதுவேதான் மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருக்கும் துண்டாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். அதை மட்டும் எடுத்துப் புதுசு போடலாம் என்று அங்கே வெட்டினால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தவறினால் இப்படியெல்லாம் ஆகும்:

1. மேலுள்ள பகுதி நேராக இறங்கும். சில சென்டிமீட்டர் இறங்கினாலே போதும், வெட்டும் கருவியும் விரலும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

2. நேராக இறங்காமல் சாயும். மேலே ஒரு மூட்டு மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, கீழ்முனை வெளிப்பக்கம் வீசும்.

3. இறங்கும் குழாய் கிளைக்குழாயையும் சேர்த்து இழுக்கும், மேல் தளத்தில் கழிப்பறையின் அடி மூட்டு உடையும். கீழே வேலை செய்பவருக்கு இது தெரியவே தெரியாது, மேலே யாராவது தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரியும்.

4. வெட்டிய துண்டு நழுவிக் கீழே விழுந்து, எடுக்க நினைக்காத பெண்டையும் உடைக்கும், உடைந்த சில்லு தரைக்கடியில் போகும் குழாயில் அடைக்கும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. முழுக் குழாயையும் எடுப்பதென்றால் மேலிருந்து கீழாக மட்டுமே வர வேண்டும், துண்டு துண்டாக. நடுவில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதென்றால், வெட்டுமிடத்துக்கு மேலே இருப்பதைப் புது க்ளாம்ப் போட்டுச் சுவரிலோ தளத்திலோ உறுதியாகப் பிடித்த பிறகுதான் கருவியைத் தொட வேண்டும். நிலைக்குழாய்க்கென்றே இரண்டு பக்கமும் கை நீண்ட க்ளாம்ப் இருக்கிறது, தளத்தின் துளை ஓரத்தில் அந்தக் கைகள் படிந்து எடையை வாங்கிக்கொள்ளும். சாக்கெட்டுக்குக் கீழே அதை இறுக்கினால் வழுக்காது. பழைய க்ளாம்ப் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது தாங்குகிறதா, சும்மா சுற்றியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது.

கீழே ஒரு ஜாக்கியோ மரக்கட்டையோ முட்டுக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூடுதல் பாதுகாப்புக்கு அது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பினால் குழாய் சாய்வதைத் தடுக்க முடியாது. மேலே பிடிப்பு இருக்க வேண்டும்.

குழாய்க்குள் இருப்பது

வாயுவைப் பற்றி முதலில். சாக்கடை வாயுவில் கவலைப்பட வேண்டியவை ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை வாடை அடிக்கும், காற்றைவிடக் கனமானது, பள்ளமான இடத்தில் தேங்கும். வாடை வந்தால் தெரிந்துவிடுமே என்று நினைப்பதுதான் இதில் பெரிய பொறி, ஏனென்றால் அளவு கூடும்போது, சுமார் 100 பி.பி.எம். அளவில் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு), மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போய்விடும். வாடை நின்றுவிட்டது என்பதால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. மீத்தேனுக்கு வாடை கிடையாது, காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் எரியும்.

மாடியில், சன்னல் திறந்திருக்கும் குளியலறையில், வென்ட் வேலை செய்யும் குழாயில் இந்த அளவுக்குப் போவது அரிது. மூடிய அடித்தளம், காற்று வராத குறுகிய டக்ட் (குழாய்கள் போகும் மூடிய சந்து), மேன்ஹோல், செப்டிக் டேங்க் இவை வேறு கணக்கு. இந்தக் கடைசி இரண்டுக்குள்ளும் எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் இறக்காதீர்கள், எட்டிப் பார்க்கத் தலையை உள்ளே விடுவதுகூட வேண்டாம். முதலில் இறங்கி மயங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்துபோன சம்பவங்கள் திரும்பத் திரும்ப நடக்கின்றன, அத்தனையும் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள்.

கிருமி அடுத்தது. கழிவுநீரில் ஹெபடைடிஸ் ஏ, எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்குமான கிருமிகள் இருக்கும். உடைந்த வார்ப்பிரும்பின் ஓரம் கண்ணாடிச் சில்லு அளவுக்குக் கூர்மை, கை கிழிந்தால் அழுக்கு நேரே உள்ளே போகும். வெட்டுப்படாத தடித்த கையுறை, அதற்குள் ரப்பர் கையுறை, முகம் முழுவதையும் மூடும் தடுப்பு, முன்னதாகவே போட்டுக்கொண்ட டெட்டனஸ் ஊசி இவ்வளவும் வேண்டும்.

வேதிப்பொருள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. குழாயைச் சுத்தம் செய்கிறேன் என்று முந்தைய நாள் ஆசிட் ஊற்றியிருப்பார்கள், அடுத்த நாள் இன்னொருவர் பிளீச்சிங் ஊற்றுவார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன அறைக்குள் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். சில நாட்களுக்குள் அந்தக் குழாயில் என்ன ஊற்றப்பட்டது என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். அடைப்புக்கான அமிலமோ காரமோ ஊற்றியிருந்தால், குழாய்க்குள் அது தேங்கி நின்று வெட்டும்போது மேலே தெறிக்கலாம். கடைசியாக நிறையச் சுத்தத் தண்ணீர் விட்டு அலசுவதே போதும்.

மூட்டிலும் பூச்சிலும் இருப்பது

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், அதனால் தீ உமிழும் கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கி மூட்டைக் கழற்றலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஈயப் புகை மூச்சோடு போகும், தார்ச் சணல் எரிந்து புகையும், பக்கத்தில் உள்ள மரச்சட்டம் பற்றிக்கொள்ளும், ஈரம் பட்டால் உருகிய ஈயம் தெறிக்கும். கிரைண்டரால் ஈயத்தை அரைப்பதும் அதே அளவு கெடுதல், புகைக்குப் பதில் தூள். குழந்தைகளின் ரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. வேலை செய்தவரின் சட்டையில் ஒட்டிய தூள் வீட்டுக்குள் வந்தாலே போதும்.

நல்ல வழி எளியது: மூட்டைத் தொடாமல், அதிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழாயை வெட்டி, சாக்கெட்டை ஈயத்தோடு முழுசாக வெளியே எடுத்துவிடுவது. சாக்கெட்டைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால் ஈயத்தில் மெதுவான வேகத்தில் துளைகள் போட்டு, உளியால் துண்டாகப் பெயர்த்து எடுக்கலாம். நேரம் ஆகும், ஆனால் தூள் குறைவு.

பழைய பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம். வெட்டுமிடத்தில் மட்டும் ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதை ஈரத்துணியில் திரட்டிவிடுங்கள். குழாயைச் சுற்றித் துணியோ வெள்ளைப் பொடிக்கட்டோ கட்டிய பழைய உறை இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, பரிசோதனை முடியும்வரை வேலையை நிறுத்துங்கள். சுவரையும் தளத்தையும் உடைக்கும்போது வரும் தூசியில் சிலிக்கா இருக்கும், அதற்குத் துணி முகமூடி போதாது, முகத்தில் இறுக்கமாகப் படியும் நுண்தூசி வடிகட்டி முகமூடிதான் வேண்டும்.

மின்சாரத்தைப் பலர் நினைப்பதே இல்லை. பழைய வீடுகளில் எர்த் கம்பியைக் குடிநீர்க் குழாயிலோ கழிவுநீர்க் குழாயிலோ கட்டியிருப்பது உண்டு. எங்காவது கசிவு மின்சாரம் இருந்து, அது மண்ணுக்குப் போகும் வழியாக இந்தக் குழாய் இருந்தால், வெட்டிய இரண்டு முனைகளையும் இரு கைகளால் பிடிப்பவர்தான் அடுத்த வழி. குழாயில் கம்பி எதுவும் கட்டியிருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் பாருங்கள். இருந்தால் எலக்ட்ரீஷியன் வந்து அதை முறையான எர்த்துக்கு மாற்றிய பிறகுதான் வேலை.

எதைக் கொண்டு வெட்டுவது

சுத்தியலை ஒதுக்கிவிடலாம். அடியின் அதிர்ச்சி இறுகிய ஈய மூட்டுகள் வழியாகப் பல அடி தூரம் போகும், எங்கோ மேலே விரிசல் விழும், அது ஒரு மாதம் கழித்துச் சுவரில் ஈரமாகத் தெரியும். ஏற்கெனவே வெட்டிக் கீழே இறக்கித் தரையில் போட்ட துண்டை உடைக்க மட்டும் அது சரி.

சங்கிலி கட்டர் நல்ல நிலையில் உள்ள குழாய்க்கு மிகச் சிறந்தது. சிறு வெட்டுச் சக்கரங்கள் கோத்த சங்கிலியைக் குழாயைச் சுற்றிப் போட்டு இறுக்கினால், சுற்றிலும் ஒரே சமயத்தில் அழுத்தம் விழுந்து, டக்கென்று வளையமாகப் பிளந்துவிடும். பொறியில்லை, தூசியில்லை. ஆனால் அரித்துப்போன குழாயில் இது பிளக்காது, நொறுக்கிவிடும். தட்டிப் பார்த்து மங்கிய சத்தம் வந்த இடத்தில் இதை மாட்டாதீர்கள்.

வைர அல்லது கார்பைடு துகள் பதித்த பிளேடு போட்ட முன்பின் ஓடும் மின்ரம்பம் மெதுவாக வெட்டும், பொறி குறைவு, சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் பிளேடு நுழையும். கெட்டுப்போன குழாய்க்கும் நெருக்கமான இடத்துக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆங்கிள் கிரைண்டர் எல்லோரிடமும் இருக்கிறது, அதனால் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். வெட்டு முடியும் தறுவாயில் குழாய் அசைந்து டிஸ்கைக் கவ்வினால் கருவி கையிலிருந்து திமிறி முகத்துக்கு வரும், டிஸ்கை மறைக்கும் காப்பைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துபவர்களுக்கு முகமே போகும். வேறு வழியே இல்லாமல் இதை எடுத்தால் காப்பு இருக்கட்டும், குழாய் இரண்டு பக்கமும் பிடிக்கப்பட்டிருக்கட்டும், காற்றோட்டம் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஓர் ஆளும் இருக்கட்டும். ஏணியின் மேல் நின்றுகொண்டு இதைப் பிடிக்கவே கூடாது.

வேலையின் வரிசை

1. அந்த நிலைக்குழாயில் சேரும் எல்லாத் தளங்களுக்கும் முன்கூட்டியே சொல்லி, தண்ணீர் வால்வை மூடி, கழிப்பறை மூடியை ஒட்டி வையுங்கள். நீங்கள் குழாயைத் திறந்து வைத்திருக்கும்போது மேல்மாடியில் ஒருவர் பிளஷ் செய்வதைவிட மோசமான ஒன்று இந்த வேலையில் இல்லை. சொன்னால் மட்டும் போதாது, வால்வை மூடுங்கள்.

2. மூடுவதற்கு முன்னால் மேலிருந்து நிறையத் தண்ணீர் விட்டு அலசி, வடிய நேரம் கொடுங்கள்.

3. சன்னல், கதவைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குங்கள். புகைபிடிப்பது, அடுப்பு, விளக்கு எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம்.

4. க்ளாம்ப், முட்டு, கயிறு எல்லாம் மாட்டிய பிறகு, குழாயைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இன்னும் முடியவில்லை.

5. கீழே யாரும் நடமாடாதபடி வழியை மூடுங்கள். வெளிச்சுவர்க் குழாய் என்றால் சாரம் கட்டுங்கள், ஏணி போதாது.

6. மேலிருந்து தொடங்கி, கையாளக்கூடிய நீளத்துக்கு வெட்டுங்கள். 60 செ.மீ. என்றால் சுமார் 7 கிலோ, ஓர் ஆள் பிடித்து இன்னோர் ஆள் வெட்டலாம். துண்டைக் கயிறு கட்டி இறக்குங்கள். டீ, ஒய் உள்ள துண்டு இதைவிடக் கனம், அதற்கு முன்னதாகவே கிளைக்குழாயைத் தனியாக வெட்டிப் பிரித்துவிடுங்கள்.

7. திறந்த வாய் ஒவ்வொன்றையும் உடனே மூடுங்கள். ரப்பர் பிளக் அல்லது காற்றடிக்கும் பலூன் பிளக் சிறந்தது. துணியைத் திணிப்பதென்றால் அதில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே எதிலாவது முடிந்துவையுங்கள். உள்ளே போன துணி நிலத்தடிக் குழாயை அடைத்த வீடுகள் ஏராளம்.

8. முடிந்ததும் சட்டையைத் தனியாக மூட்டைகட்டி, குளித்துவிட்டு அப்புறம் சாப்பிடுங்கள். துடைப்பத்தால் தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பிளாஸ்டிக் வந்த பிறகு மாறும் விஷயங்கள்

இரும்பை எடுத்த இடத்தில் பிளாஸ்டிக்கை வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது வழக்கம். இரும்பு சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த சில காரியங்களைப் புதுக் குழாய் செய்யாது.

தீ முதல் விஷயம். இரும்புக் குழாய் தளத்தைக் கடக்கும் இடத்தில் தீ வந்தாலும் குழாய் நிற்கும், துளை மூடியே இருக்கும். பிளாஸ்டிக் உருகி வழிந்து, தளத்தில் 4 அங்குல ஓட்டையை விட்டுவிடும், அதன் வழியே புகையும் தீயும் அடுத்த தளத்துக்குப் போகும். சூட்டில் உப்பி ஓட்டையை அடைக்கும் தீத்தடுப்பு வளையம் கிடைக்கிறது. அடுக்குமாடியில் இது இல்லாமல் மாற்றக் கூடாது.

சத்தம் கூடும். கனமான இரும்பு தண்ணீர் விழும் ஓசையை அமுக்கிவைத்தது, மெல்லிய பிளாஸ்டிக் அமுக்காது. படுக்கையறைச் சுவருக்குள் போகிறது என்றால் தடித்த ரகமோ ஒலித்தடுப்பு உறையோ தேவை.

நீட்சியும் வேறுபடும். 30 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 10 மீட்டர் இரும்பு சுமார் 3 மி.மீ. நீளும், பி.வி.சி. சுமார் 15 முதல் 18 மி.மீ. வரை நீளும். நீட்சி மூட்டு வைக்காமல் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்தால் குழாய் வளைந்து மூட்டு பிரியும்.

பாதி இரும்பு, பாதி பிளாஸ்டிக் என்று விடும்போது இரண்டின் வெளி விட்டமும் ஒன்றாக இருக்காது. அதற்கென்று செய்த மாற்று இணைப்பு உண்டு, உள்ளே ரப்பர், வெளியே முழு நீளத்துக்கும் எஃகு உறை. உறையில்லாத வெறும் ரப்பர் நாளடைவில் தொங்கி, உள்ளே படி விழுந்து, அங்கே அடைக்கும். சிமெண்ட் வைத்துப் பூசிவிடுவது இணைப்பே அல்ல. இரும்புப் பகுதி மேலே இருந்தால் அதன் எடை முழுவதும் புது க்ளாம்பில் இருக்க வேண்டும், ஒரு கிலோகூடப் பிளாஸ்டிக்கின் மேல் விழக் கூடாது.

கிளைக்குழாய்க்குச் சரிவு மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான்

கசிவு ஒரு மூட்டில் மட்டும் இருந்து மற்ற இடமெல்லாம் கணீரென்று ஒலித்தால், அந்த மூட்டை மட்டும் சரிசெய்துவிட்டுக் குழாயை விட்டுவிடலாம். தரைக்கு அடியில் புதைந்த பழைய குழாயைத் தோண்டி எடுப்பதைவிட, பக்கத்தில் புதுசு ஓட்டிவிட்டுப் பழையதை இரண்டு முனையிலும் நிரந்தரமாக அடைத்துவிடுவது பல நேரம் நல்லது. அடைக்காமல் விட்டால் எலிக்கும் வாயுவுக்கும் அது வழி. பழைய குழாய்க்குள்ளேயே பிசின் உறை செலுத்தும் முறையும் இருக்கிறது, குழாய் வடிவம் குலையாமல் இருந்தால் மட்டும் அது நிற்கும்.

குழாய் இரண்டு தளத்துக்கு மேல் போனால், கான்கிரீட் தூணுக்குள்ளோ காற்று வராத டக்டுக்குள்ளோ இருந்தால், தட்டிய இடமெல்லாம் மங்கிய சத்தம் வந்தால், பல வீடுகளுக்குப் பொதுவாக இருந்தால், அனுபவமுள்ள ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு நாள் ஆகும் என்பதல்ல, மேலே இருப்பதை எதில் பிடிக்கப் போகிறீர்கள் என்பதுதான். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

எடுத்த இரும்பை மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். ஈயத்தைத் தனியாகப் பிரித்து, பெயரெழுதிய மூடிய டப்பாவில் போட்டு, ஈயத்தை முறையாக வாங்குபவரிடம் சேருங்கள், வீட்டில் உருக்க வேண்டாம். சுவரைப் பூசுவதற்கு முன் புதுக் குழாயின் அடியை பிளக்கால் அடைத்து, மேலே தண்ணீர் நிரப்பி, குறைந்தது 15 நிமிடம் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். நிலைக்குழாயின் அடியில் திறந்து பார்க்கும் மூடி ஒன்று வைத்து, அதற்கு முன்னால் சுவரிலும் ஒரு சிறு கதவு விட்டுப் பூசச் சொல்லுங்கள்.